நாலு பேர்

ஹப்சிகுடா, ஹைதராபாத்
9 ஜனவரி 2024
கடித எண் 1

சிரஞ்சீவி நீலாவுக்கு அண்ணா அனேக ஆசீர்வாதம். இங்கு நான் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கும், முக்கியமாக முழங்கால் வலிக்கும் பதில் எழுது.

ஆறாம் தேதி கோபியின் பிறந்தநாள். நீ எழுதியபடி ஸ்கந்தகிரி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டேன். குருக்கள் வருஷா வருஷம் கேட்பதையே கேட்டார்: "யார் பேருக்கு மாமா?" நானும் வழக்கம்போல, "நாலு பேர் நன்னா இருக்கணும்னு பண்ணுங்கோ" என்றேன். பெயரும் நட்சத்திரமும் இல்லாத அர்ச்சனை அவருக்குப் பிடிக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று எனக்கும் கூச்சமாக இருந்தது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த நீ, அவன் பிறந்தநாளில் ஊருக்கெல்லாம் நல்லது வேண்டுகிறாய். அந்த மனசு எனக்கு வராது. வருகிற ஜூலையில் அவன் போய் எட்டு வருஷம்.

மேல்வீட்டு ஆரோக்கியசாமியை உனக்கு நினைவிருக்கும். நான் லாலாகுடா ரயில்வே பணிமனையில் வரைபடப் பிரிவில் இருந்தபோது அவர் அங்கே ஃபிட்டர். அவர் மகள் ஜெஸ்ஸிக்குச் சிறுநீரகம் கெட்டு, மூன்று வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று எழுதியிருந்தேன். சில நாள் நானும் துணைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். நாலு மணி நேரம் அந்தக் குழாயில் ஓடும் ரத்தத்தைப் பார்க்காமலிருக்க அவள் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்ப்பாள். டிசம்பர் பதினேழாம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. விபத்தில் மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவரின் வீட்டார் சம்மதித்திருக்கிறார்கள். அந்தச் சிறுநீரகம் இப்போது ஜெஸ்ஸியிடம் இருக்கிறது. நேற்று அவள் மாடியிலிருந்து நடந்தே இறங்கி வந்து என் கதவைத் தட்டினாள். படிக்கட்டில் விளக்கு எரிவதில்லை, மெதுவாக வாம்மா என்றேன். (அந்த விளக்கைப் பற்றிக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் விஸ்வநாத்திடம் சொல்ல வேண்டும் என்று தீபாவளியிலிருந்து நினைக்கிறேன். அவர் கொஞ்சம் உரக்கப் பேசுகிறவர்.)

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை. நான் இறந்தால் என் உறுப்புகளில் உபயோகப்படுவதை எடுத்துக்கொள்ளலாம் என்று பதிவு செய்கிற படிவம். இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் நெருங்கிய ரத்த உறவாக இருக்க வேண்டும். உன் மன்னி காஞ்சனாவும் போய்விட்டாள், பிள்ளைகளும் இல்லை. எனக்கு மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு: வரைந்தவனே சரிபார்த்துக் கையெழுத்திடக் கூடாது. இந்தப் படிவத்தைத் தயாரித்தவர்களும் அதே விதியை அறிந்தவர்கள்போல. நீ கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன்.

நான் சரியாக விளக்கினேனா என்று தெரியவில்லை. நிதானமாகப் படி.

அன்புள்ள அண்ணா,
அனந்து

—

திண்டுக்கல்
22 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணாவுக்கு நீலா நமஸ்காரம். இது உன் கடித எண் ஒன்றுக்குப் பதில் என்று உன் நோட்டில் குறித்துக்கொள். முழங்கால் அது பாட்டுக்கு இருக்கிறது, நான் பாட்டுக்கு நடக்கிறேன். காதுதான் இப்போது இடதுபக்கமும் கைவிட்டது. முப்பத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்த காது, இப்போது பால்காரர் மணியைக்கூட வாங்கிக்கொள்வதில்லை. நல்லவேளை, உனக்குக் கடிதம் எழுதத் தெரிகிறது.

நீ அனுப்பிய உஸ்மானியா பிஸ்கட் டப்பா வந்தது. எதிர்வீட்டு தாரிணி, "மாமி, உங்க அண்ணா பார்சல் கட்டினா அதைப் பிரிக்கத் தனியா ஒரு ஆள் வைக்கணும்" என்றாள். எத்தனை நூல், எத்தனை முடிச்சு.

ஜெஸ்ஸியைப் பற்றி இன்னும் எழுது. சாப்பிடுகிறாளா? சிரிக்கிறாளா? கொடுத்தவர் யார் என்று அவளுக்குச் சொன்னார்களா? அந்தப்பக்கம், கொடுத்தவர் வீட்டாருக்கு ஜெஸ்ஸி யார் என்று தெரியுமா? தெரியாது என்றால், அப்படிப்பட்ட ஒருவர் தெருவில் எதிரே வந்தால் பார்த்த மாத்திரத்தில் ஏதாவது தோன்றுமா? ஆரோக்கியசாமியிடம் கேட்டு எழுது. வெயிலுக்கு முன்னால் குடையைச் சரி செய்துகொள்.

நமஸ்காரங்களுடன்,
நீலா

—

ஹப்சிகுடா
3 பிப்ரவரி 2024
கடித எண் 2

சிரஞ்சீவி நீலாவுக்கு ஆசீர்வாதம். சௌக்கியம். குடை சரி செய்தாகிவிட்டது.

நீ கேட்டவற்றுக்கு வரிசையாகப் பதில். ஜெஸ்ஸி சாப்பிடுகிறாள், உப்பு குறைவு. சிரிக்கிறாள். ஆறு மாதம் கழித்துப் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பலாமாம். யார் கொடுத்தது என்று சொல்லமாட்டார்கள். கொடுத்தவர் வீட்டாருக்கும் இவளைத் தெரியாது. ஆரோக்கியசாமி எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில், பேர் தெரியாத அந்த மனுஷனுக்கு என்று ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார். தெருவில் பார்த்தால் தெரியாது, நீலா. மற்றவர்களைப்போலத்தான் இருப்பார்கள்.

படிவத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எழுபத்தைந்து வயதுக்காரன் கொடுக்க என்ன இருக்கிறது என்று எனக்கே சந்தேகம். விசாரித்தேன். வயது ஒரு தடையில்லை, அப்போது டாக்டர்கள் பார்த்து முடிவு செய்வார்கள், கண் எந்த வயதிலும் உதவும் என்றார்கள். ஆரோக்கியசாமி இரண்டாவது சாட்சியாகக் கையெழுத்திடத் தயாராக இருக்கிறார். "காய்கு, எதுக்கு இத்தனை யோசனை சார்? எல்லாத்தையும் குடுங்க. உங்க பயத்தை மட்டும் யாருக்கும் வச்சிடாதீங்க, ஏற்கெனவே நோயாளி, பாவம்" என்றார். அவர் மனைவி ராஜம் அம்மா அவரை அதட்டினாள். ஆனால் அவளும் சிரித்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் பதிவு செய்தாலும், அந்த நாள் வரும்போது ஆஸ்பத்திரியில் வீட்டாரைத்தான் கேட்பார்கள். வீட்டார் வேண்டாம் என்றால் எடுக்கமாட்டார்கள். ஆகவே கையெழுத்தைவிட, உனக்கு இது தெரிந்திருப்பதும் நீ சம்மதிப்பதும்தான் எனக்கு முக்கியம். அவசரமில்லை.

அன்புள்ள,
அனந்து

—

திண்டுக்கல்
1 மார்ச் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். பதில் தாமதம், மன்னித்துக்கொள். மாசித் திருவிழாக் கூட்டம், தபால் பெட்டி வரை நடக்க முடியவில்லை.

உன் படிவம் பத்திரமாக இருக்கிறது. பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவைப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன். நிஜத்தைச் சொல், உனக்கு உடம்புக்கு ஏதாவது? ரத்த அழுத்தம் பார்த்தாயா? அவசரமில்லை என்று நீ எழுதினால் அவசரம் என்று அர்த்தம், உன்னை எனக்குத் தெரியாதா?

ஒன்றுமில்லை என்றால் இது எதற்கு அண்ணா? நீ செய்ய வேண்டியதை எப்போதோ செய்துவிட்டாய். ஒரு மனுஷன் ஒரு ஜென்மத்தில் எத்தனை தரம் செய்ய வேண்டும்?

வெங்கடராமன் வாத்தியார் ஜூலை திதிக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். உன் நோட்டில் எழுதிக்கொள்.

நீலா

—

ஹப்சிகுடா
11 மார்ச் 2024
கடித எண் 3

சிரஞ்சீவி நீலாவுக்கு ஆசீர்வாதம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ரத்த அழுத்தம் பார்த்தேன், நூற்று முப்பதுக்கு எண்பது. சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், நம்பு.

உன் கடிதத்தில் ஒரு வரி எனக்குப் புரியவில்லை. "நீ செய்ய வேண்டியதை எப்போதோ செய்துவிட்டாய்" என்கிறாய். நான் எதையும் செய்ததாக எனக்கு நினைவில்லை. செய்யாமல் விட்டவைதான் எனக்கு நினைவிருக்கின்றன. உன் கடிதத்தை நாலைந்து முறை படித்துவிட்டேன். நான் தப்பாகப் படிக்கிறேனா? எதைச் சொல்கிறாய்?

விளக்கி எழுது. மற்றவை பிறகு.

அனந்து

—

திண்டுக்கல்
28 மார்ச் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம்.

நீ கேட்டுவிட்டாய். ஆகையால் எழுதுகிறேன். உன்னை வருத்துவதற்காக இல்லை. நான் கோபித்துக்கொண்டதே இல்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், அதற்கு மேல் படி.

கோபி அந்த ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டாம் நாள், என்னை வராந்தாக் கோடியில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தாய். மறுகோடியில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் உன்னோடு பேசிக்கொண்டிருந்தாள். அப்போதே எனக்குக் காது மந்தம், ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கண் நன்றாகத் தெரிந்தது. நீ அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாய். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், மறுநாள், மேஜையில் குனிந்து ஏதேதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டாய். அவனை வெளியே கொண்டுவந்தபோது கண்ணிரண்டின் மேலும் பஞ்சு இருந்தது.

எனக்கு அங்கே புரியவில்லை. இங்கே திரும்பிய பதினாறாம் நாள், நீ கொடுத்த அவன் பர்ஸைத் திறந்தேன். அலுவலக அட்டைக்குப் பின்னால் இன்னொரு அட்டை. உறுப்பு தானம் செய்கிறேன் என்று, அவன் கையெழுத்தோடு. அவன் கம்பெனியில் நடந்த முகாமில் கொடுத்தது. அப்போதுதான் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியது. நீ அட்டையைப் பார்த்திருக்கிறாய். என்னைக் கேட்கும் தைரியம் உனக்கு இல்லை. கேட்காமல் பிள்ளை ஆசைப்பட்டதைச் செய்துவிட்டாய். எட்டு வருஷமாக எனக்குச் சொல்லவும் தைரியம் இல்லாமல் இருக்கிறாய். நானும் உன்னை அவமானப்படுத்த வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கண் இரண்டு பேருக்கு, சிறுநீரகம் இரண்டு பேருக்கு. நாலு பேர். பேப்பரில் படித்துக் கணக்குப் போட்டு வைத்தேன். அந்த நாலு பேருக்குத்தான் அர்ச்சனை செய்யச் சொல்கிறேன், வேறு எந்த நாலு பேர்? நீ புரிந்துகொண்டுதான் செய்கிறாய் என்று நினைத்திருந்தேன். அதில் ஒருத்தி பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், கடைசி பெஞ்சிலிருந்தே கரும்பலகை தெரிகிறது. ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், கோபியைப்போல வேகம் இல்லை. மற்ற இரண்டு பேரை அடிக்கடி மாற்றுவேன். எனக்கு வேறு என்ன வேலை?

உன் படிவத்தில் பென்சில் குறிக்கு மேலேயே கையெழுத்துப் போட்டாகிவிட்டது. டப்பாவில் இருக்கிறது. எனக்கு ஒன்றே ஒன்று மட்டும் சொல். நான் போட்ட கணக்குச் சரியா? நாலு பேர்தானா? ஒரு வரி எழுது, அன்றைக்கே தபாலில் சேர்க்கிறேன்.

அன்புள்ள தங்கை,
நீலா

—

ஹப்சிகுடா
10 ஏப்ரல் 2024
கடித எண் 4

சிரஞ்சீவி நீலாவுக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. இங்கு வெயில் நாற்பதைத் தொட்டுவிட்டது. நேற்று உகாதி. விஸ்வநாத் வீட்டிலிருந்து பச்சடி வந்தது, வேப்பம்பூ சற்று அதிகம். ஜெஸ்ஸி நலம். விரிவாகப் பிறகு எழுதுகிறேன். நிறையத் தண்ணீர் குடி.

அனந்து

—

ஹப்சிகுடா
19 மே 2024

நீலாவுக்கு,

ஆசீர்வாதம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. ஏப்ரலில் வெயிலையும் பச்சடியையும் பற்றி எழுதினேன். "ஆமாம், நாலு பேர்தான்" என்று மூன்று வார்த்தை எழுதினால் போதும் என்பது எனக்குத் தெரியும். எழுதியும் பார்த்தேன். உறையில் போட்டு, விலாசம் எழுதி, தபால் தலையும் ஒட்டினேன். ஹப்சிகுடா தபால் பெட்டி வரை போய்த் திரும்பினேன். நீ சந்தோஷமாக இருந்திருப்பாய், எனக்கும் கையெழுத்து வந்திருக்கும். அந்தப் படிவத்தில் உன் பெயருக்கு மேலே இருப்பது "சாட்சி" என்ற சொல். பொய் சொல்லி வாங்கிய சாட்சியை நான் எங்கே வைப்பது?

நாலு பேர் இல்லை, நீலா. ஒருவரும் இல்லை.

அந்தப் பெண்ணின் பெயர் சுஷ்மா, அட்டையில் இருந்தது. கோபிக்கு மூளைச்சாவு என்று இரண்டு முறை சோதித்து உறுதி செய்த பிறகு வந்தாள். மிகவும் தன்மையாகப் பேசினாள். "இவரால் சிலர் பிழைக்கலாம். அம்மா சம்மதித்தால்தான். அம்மாவிடம் நாங்கள் பேசலாமா?" என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். போய்விட்டு மறுபடி வந்து, "யோசித்தீர்களா சார்?" என்றாள். அப்போதுதான் நீ பெஞ்சிலிருந்து பார்த்தாய். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னது இது: "என் தங்கையைக் கேட்காதீர்கள். அவள் தாங்கமாட்டாள். கேட்கவே கேட்காதீர்கள்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள். நீ பார்த்தது நன்றி சொல்வதை அல்ல. நான் கெஞ்சியதை.

மறுநாள் நான் கையெழுத்திட்டது உடலைப் பெற்றுக்கொள்வதற்கான போலீஸ் காகிதத்தில். கண்ணில் பஞ்சு வைத்தது, இமை முழுவதும் மூடாததால். அவ்வளவுதான்.

பர்ஸை நான் திறக்கவில்லை. அடுத்தவர் பர்ஸைத் திறப்பது எனக்குப் பழக்கமில்லை. அப்படியே உன்னிடம் கொடுத்தேன். அந்த அட்டை இருந்தது உன் கடிதத்தைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. என்னோடு ஒரே வீட்டில் இரண்டு வருஷம் இருந்தான். தினம் காலையில் சேர்ந்து காபி குடித்தோம். அவன் சொல்லவில்லை. ஒருவேளை சொல்ல நினைத்து, மாமா பயந்துவிடுவார் என்று விட்டிருப்பான்.

நீ தாங்கமாட்டாய் என்றது உண்மைக் காரணம் இல்லை என்பது எனக்குப் பிறகு புரிந்தது. நீ அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "தங்கை பிள்ளையைக் கூறு போடக் கொடுத்துவிட்டான்" என்று நாளைக்கு நாலு பேர் சொல்வார்களே என்ற பயமும் இருந்தது. யார் அந்த நாலு பேர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருநாளும் என் வீட்டுப் படியேறி வராத அவர்களுக்குப் பயந்து, உன் நாலு பேரை இல்லாமல் ஆக்கிவிட்டேன். ஜெஸ்ஸி நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த அந்த அறையில், அவளைப்போலப் பதினோரு பேர் படுத்திருந்தார்கள். நான் ஒவ்வொரு முறையும் எண்ணுவேன்.

நாற்பது வருஷ வேலையில் நானே வரைந்து நானே சரிபார்த்தது எதுவும் இல்லை. இது ஒன்றைத்தான் யாரையும் கேட்காமல் நானே முடிவு செய்து நானே கையெழுத்திட்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

படிவத்தை அனுப்ப வேண்டாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் உனக்கு மனம் இருந்தால் அனுப்பு.

அனந்து

—

ஹப்சிகுடா
14 ஜூலை 2024

நீலாவுக்கு ஆசீர்வாதம்.

பதில் கேட்டு எழுதவில்லை. தாரிணியின் எண்ணுக்குப் பேசினேன், நீ சௌக்கியம் என்றும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னாள். அவளைக் கோபிக்காதே.

நேற்று முன்தினம் கோபியின் நாள். இங்கே போனாலு அம்மன் திருவிழா வருவதால் தார்நாகா பக்கம் பந்தல் போட்டிருக்கிறார்கள். அந்தத் திருப்பத்தில், அவன் வண்டியோடு விழுந்த இடத்தில், சற்று நின்றுவிட்டு வந்தேன். ஆரோக்கியசாமியும் கூட வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மகளே காத்திருந்தவள், என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "எங்க வீட்லயும் கேட்டிருந்தா நான் நக்கோ, வேண்டாம்னுதான் சார் சொல்லியிருப்பேன். அப்ப எனக்கு என்ன தெரியும்?" என்றார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை. ஆனால் எழுதத் தோன்றியது.

வெற்றுக் காகிதத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பினாலும் போதும்.

அனந்து

—

திண்டுக்கல்
3 ஆகஸ்ட் 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

தாரிணியைக் கோபிக்கவில்லை. சாப்பிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று ஒரே பகலில் நாலு பேர் செத்துப்போனார்கள். நீ அவர்களைப் பார்த்ததில்லை, உனக்குத் தெரியாது. எனக்கு எட்டு வருஷப் பழக்கம். அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண் இந்த வருஷம் பத்தாவது பரீட்சை எழுதியிருக்க வேண்டும். அவளுக்காகத்தான் மூன்று வாரம் அழுதேன். கோபிக்காக அழுதேனா என்று கேட்டால், இப்போதுதான் முழுசாக அழுதேன்.

உன்மேல் கோபமா என்றால், ஆமாம். நீ வேண்டாம் என்றதற்காக இல்லை. அதை யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்தப் பெண் நேரே என்னிடம் வந்து கேட்டிருந்தால் நான் சரி என்று சொல்லியிருப்பேனா? எட்டு வருஷம் நானே சரி என்று சொன்னதுபோலப் பெருமையாக வாழ்ந்துவிட்டேன். உண்மையில் தெரியவில்லை. அவன் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் அவளை அடிக்கப் போயிருந்தாலும் போயிருப்பேன். அந்த அட்டை பற்றி அவன் ஒரு நாள், சாப்பிடும்போது, போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்காது. "பிள்ளை சொல்லியிருக்கிறான்" என்று சொல்லிவிட்டு அழுதிருப்பேன். அட்டையில் எழுதினான், வாயால் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நம் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே வியாதி.

என் கோபம் வேறு. முப்பத்தாறு வருஷம் எக்ஸ்சேஞ்சில் இருந்தேன். நல்ல சேதி, கெட்ட சேதி, சாவுச் சேதி எல்லாம் என் கை வழியாகப் போயிருக்கிறது. இந்த அம்மா தாங்கமாட்டாள் என்று ஒரு அழைப்பையாவது நான் நடுவில் துண்டித்தது உண்டா? யாருக்கு வந்ததோ அவர்களுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். தாங்குவதும் தாங்காததும் அவர்கள் பாடு. எனக்கு வந்த அழைப்பை நீ எடுத்து, "அவள் இல்லை" என்று வைத்துவிட்டாய். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இதை எழுதிவிட்டேன். இனி எழுதமாட்டேன்.

உறையில் இரண்டு படிவம் இருக்கிறது. ஒன்று உன்னுடையது. என் கையெழுத்து மார்ச் மாதம் போட்டது. அதை அழித்துவிட்டு, உன் மே மாதக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி போட்டிருக்கிறேன். காகிதம் கொஞ்சம் தேய்ந்திருக்கும், பரவாயில்லை. இதற்குத்தான் சாட்சி என்று பேர்.

இன்னொன்று என்னுடையது. தாரிணி இணையத்திலிருந்து இறக்கிக் கொடுத்தாள், அவளே இரண்டாவது சாட்சி. நெருங்கிய உறவு என்ற இடத்தில் உனக்குப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன், உன்னைப்போல நேராக வரவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. கையெழுத்து யார் வேண்டுமானாலும் போடலாம். எனக்கு ஏதாவது ஆனால் உன்னைத்தான் கேட்பார்கள். அப்போது நீ அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுக்கக் கூடாது. "என் தங்கை சம்மதித்திருக்கிறாள், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். உன்னால் முடியுமா என்று யோசித்து, முடியும் என்றால் மட்டும் கையெழுத்துப் போடு. முடியாது என்றாலும் சொல், நான் தாரிணியிடம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நீ சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

உஸ்மானியா பிஸ்கட் தீர்ந்துவிட்டது. டப்பா காலி.

நீலா

—

ஹப்சிகுடா
18 ஆகஸ்ட் 2024

சிரஞ்சீவி நீலாவுக்கு அண்ணா அனேக ஆசீர்வாதம். சௌக்கியம். பிஸ்கட் தனிப் பார்சலில் வருகிறது. ஒரே ஒரு முடிச்சுதான் போட்டிருக்கிறேன்.

உன் படிவத்தில் உடனே கையெழுத்துப் போடவில்லை. முடியுமா என்று யோசிக்கச் சொல்லியிருந்தாய், யோசித்தேன். முதலில் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். எனக்கே கேட்கவில்லை. பிறகு மாடிக்குப் போய் ஆரோக்கியசாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஹவ் சார், சரி, நான்தான் டாக்டர். சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.

"சத்தம் பத்தாது சார். ஐசியூவில ஏசி ஓடும்."

மறுபடி சொன்னேன். ராஜம் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். அந்த நேரம் பார்த்து விஸ்வநாத், தண்ணீர் டாங்கி சுத்தம் செய்யும் நோட்டீஸோடு படியேறி வந்து, "ஏமைந்தண்டி?" என்று, என்ன ஆயிற்று என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே, உள்ளே எட்டிப் பார்த்தார். எனக்கு வியர்த்துவிட்டது. நிறுத்திவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, அவருக்கும் புரியட்டும் என்று தெலுங்கில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் சொன்னேன்: "என் தங்கை சம்மதித்திருக்கிறாள். எடுத்துக்கொள்ளுங்கள்." என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது.

உள் அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த ஜெஸ்ஸி கதவைத் திறந்து, "கேட்டுச்சு அங்கிள்" என்றாள்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து, உன் கோணல் குறிக்கு மேலேயே கையெழுத்துப் போட்டேன். படிவம் இத்துடன் இருக்கிறது. விஸ்வநாத் தனக்கும் ஒன்று வேண்டுமென்று வாங்கிக்கொண்டு போனார். படிக்கட்டு விளக்கைப் பற்றியும் அதே மூச்சில் சொல்லிவிட்டேன். எரிகிறது.

கீழே இறங்கி வரும்போது எண்ணிப் பார்த்தேன் நீலா. ஆரோக்கியசாமி, ராஜம் அம்மா, விஸ்வநாத், ஜெஸ்ஸி. நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன்.

அன்புள்ள அண்ணா,
அனந்து